ஒரு கோர் மட்டும் ஏன் கிடந்து சாகிறது? லினக்ஸில் இன்டரப்டைப் பிரித்து விடுவது

மட்டக்களப்பு, கல்லடியில் நண்பர் நடத்தும் டியூட்டரியில் இருபது கணினிக்கு நெட் கொடுப்பது வலுக் குறைந்த பழைய லினக்ஸ் பெட்டி ஒன்று, அதன் செயலியில் வேலை செய்யும் பகுதிகள், அதாவது கோர், நாலு. பின்னேரம் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால் நெட் நகராது. லைன்தான் பிழை என்று அவர் சண்டைக்கு நிற்க, நான் கோர்களின் வேலையைக் காட்டும் டாப் கட்டளையை ஓட்டி 1 ஐ அமுக்கிப் பார்த்தால் மூன்று கோர் சும்மா கிடக்கின்றன, முதலாவதில் எஸ்ஐ எண், அதாவது இன்டரப்டைத் தொடர்ந்து வரும் வேலைக்குப் போகும் நேர வீதம், தொண்ணூறைத் தாண்டி நிற்கிறது. இன்டரப்ட் என்றால் நெட் கார்ட் போன்ற சாதனம் ஒன்று வேலை வந்துவிட்டது என்று கோரை இடைமறித்துக் கூப்பிடுவது.

உங்களுக்கும் இப்படி என்றால் முதலில் /ப்ரொக்/இன்டரப்ட்ஸ் கோப்பைப் பாருங்கள். ஒரு வரி ஒரு இன்டரப்ட், இடப்பக்கம் அதன் இலக்கம், நடுவில் கோருக்கு ஒரு நிரல், வலப்பக்கக் கடைசியில் சாதனத்தின் பெயர். அதிலுள்ள எண்கள் பெட்டி ஓன் ஆனதிலிருந்து சேர்ந்தவை, அதனால் பெரிய எண்ணைக் கண்டு பயப்படாமல் சில செக்கன் விட்டு மறுபடி பார்த்து எந்த நிரல் ஏறுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

நெட் கார்டின் இன்டரப்ட் இலக்கம் 27 என்று வைப்போம். ரூட் பயனராகி, /ப்ரொக்/ஐஆர்க்யூ/27 க்குள் எஸ்எம்பி_அஃபினிட்டி_லிஸ்ட் கோப்பில் 2 என்று எழுதினால் இன்டரப்ட் கோர் 2 க்குப் போகும். பக்கத்திலேயே லிஸ்ட் இல்லாத எஸ்எம்பி_அஃபினிட்டி என்றும் ஒன்று இருக்கும், அதற்கு ஹெக்ஸ் மாஸ்க் (கோருக்கு ஒரு பிட் வைத்துப் பதினறும எண்ணில் எழுதுவது) வேண்டும்: கோர் 0 க்கு 1, 1 க்கு 2, 2 க்கு 4, 3 க்கு 8. நான் கோர் 3 என்று நினைத்து அதில் 3 எழுதி, அது 0 உம் 1 உம் சேர்ந்த மாஸ்க் ஆகி, அரை மணித்தியாலம் முழித்தேன். லிஸ்டையே பாவியுங்கள்.

எழுதியது கொஞ்ச நேரத்தில் தானாக மாறுகிறதா? இன்டரப்டுகளைக் கோர்களுக்குப் பங்கிடும் ஐஆர்க்யூபேலன்ஸ் என்ற சேவை ஓடுகிறது, வழமையில் 10 செக்கனுக்கு ஒருக்கால் பார்த்து அதுவே பங்கிடும். பல க்யூ (தரவு வந்து சேரும் வரிசை, ஒவ்வொன்றுக்கும் தனி இன்டரப்ட்) உள்ள கார்ட் என்றால் அதன் போக்கில் விடலாம், இல்லாவிட்டால் நிறுத்துங்கள்.

சரி, நண்பரின் கார்டில் ஒரே க்யூதான். எந்தக் கோருக்கு மாற்றினாலும் பாரம் இடம் மாறுமே தவிரப் பிரியாது. பழைய கல்லடிப் பாலம் மாதிரி, இரண்டு கரையிலும் எத்தனை தெரு இருந்தாலும் பாலம் ஒற்றை வழிதானே. இதற்குத்தான் ஆர்பிஎஸ் என்ற வசதி, லினக்ஸின் மையமான கேர்னலில் 2.6.35 பதிப்பிலிருந்து இருக்கிறது: இன்டரப்டை ஒரு கோர் வாங்கும், பக்கெட்டை (நெட்டில் வரும் தரவுத் துண்டை) கையாளும் வேலையை மற்றக் கோர்களுக்குக் கேர்னலே பிரித்து அனுப்பும். /சிஸ்/கிளாஸ்/நெட் க்குள் கார்டின் பெயர், அதற்குள் க்யூஸ்/ஆர்எக்ஸ்-0/ஆர்பிஎஸ்_சிபியூஸ். இங்கே மாஸ்க்தான். இன்டரப்டைக் கோர் 0 இல் விட்டு, இதில் ஆங்கில எழுத்து 'ஈ' (ஹெக்ஸில் 14, அதாவது 2+4+8) எழுதினால் மற்ற மூன்றும் வேலைக்கு வரும். பங்கிடுவது இணைப்பு வாரியாக, ஆகவே ஒரேயொரு பெரிய டவுன்லோட் ஒரு கோரில்தான் ஓடும். இருபது பிள்ளைகளுக்கு அது பிரச்சினையில்லை.

ரீபூட் ஆனால் எல்லாம் அழிந்துவிடும், தொடக்க ஸ்கிரிப்டில் போட்டு வையுங்கள். நான் போடாமல் வந்துவிட்டேன். அடுத்த நாள் கரண்ட் போய் வந்த கையோடு நண்பரின் கோல்.