காணாமல் போன இறால்: கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு வரை மீனின் செவுளருகே மேய்ந்துகொண்டிருந்த கிளீனர் இறால் (மீனின் உடலைச் சுத்தம் செய்யும் இறால்) காலையில் தொட்டியில் இல்லை. உடலும் இல்லை, ஒரு மீசைத் துண்டுகூட இல்லை. உடனே பழி மீன்மேல் விழுகிறது. கடல்நீர்த் தொட்டியில் செத்த இறாலின் உடல் நெடுநேரம் கிடப்பதில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். துறவி நண்டுகளும், மணலுக்குள் பதுங்கியிருக்கும் நசாரியஸ் நத்தைகளும், பாறை இடுக்கிலிருந்து இரவில் வெளிவரும் பிரிஸில் புழுக்களும் விடிவதற்குள் அதைத் தின்று தீர்த்துவிடும். நஞ்சால் செத்தாலும், நீர் மாற்றத்தால் செத்தாலும், மீன் கொன்றாலும் காலையில் நாம் காண்பது ஒரே வெற்றிடம்தான். ஆகவே உடல் இல்லாததை வைத்துக் குற்றவாளியைத் தீர்மானிப்பது முதல் தவறு.

அடுத்தது, உரித்த சட்டையைப் பிணம் என்று எண்ணுவது. கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இது அன்றாடச் செய்தி: இறால் சட்டை உரித்துத்தான் வளரும், உரித்த கையோடு அதன் புது ஓடு மெத்தென்றிருக்கும், அந்த நேரத்தில் உடனிருக்கும் இறாலே அதைக் கடித்துத் தின்றுவிடும். வீட்டுத் தொட்டியின் இறாலும் சில வாரங்களுக்கு ஒருமுறை உரித்துவிட்டு, ஓடு இறுகும் வரை ஓரிரு நாள் பாறைக்குள் ஒளிந்துகொள்ளும். கால், மீசையோடு முழு உருவமாகக் கிடக்கும் சட்டையைப் பார்த்துவிட்டு இறால் செத்துவிட்டதாக நினைத்துப் புதிதாக ஒன்றை வாங்கி வருபவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன். சட்டை கண்ணாடிபோல வெறுமையாகவும், தலைக்கும் வாலுக்கும் நடுவே பிளந்தும் இருக்கும். செத்த இறாலோ உள்ளே சதையுடன் வெளுத்து மங்கிக் கிடக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்பு வெளிச்சத்தில் தேடலாம். பாறைகளைப் புரட்டித் தேடுவது மட்டும் கூடாது. ஒளிந்திருக்கும் மெல்லுடலை நாமே நசுக்கிவிடக்கூடும்.

நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு உப்பளவில்தான். கடலூர் தேவனாம்பட்டினத்துக் கரையில் கேனில் மொண்டுவரும் கடல்நீர் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் கெடிலமும் தென்பெண்ணையும் பெருகிக் கடலில் கலக்கும் நாட்களில், கரையோர நீரின் உப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். அந்த நீரை அளக்காமல் பாதித் தொட்டிக்கு மாற்றினால் மீன் எப்படியோ சமாளித்துக்கொள்ளும், இறால் சமாளிக்காது. ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; உப்பு கூடினால் இதுவும் கூடும்) 1.025 அளவில், பெரிய ஏற்றத்தாழ்வின்றி நிற்க வேண்டும். மழைக்காலத்தில் செயற்கைக் கடலுப்பைக் கரைத்துப் பயன்படுத்துவதே நல்லது. நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிவிடுவதால், குறைந்துபோன நீரின் அளவுக்கு ஆர்.ஓ. நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும், கடல்நீரை அல்ல. மீன்களுக்காக உப்பைக் குறைத்து வைக்கும் கடைகளும் உண்டு. அங்கிருந்து வந்த பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டால் வெப்பம் மட்டும்தான் சமமாகும், உப்பு சமமாகாது. மெல்லிய காற்றுக் குழாயில் முடிச்சிட்டு, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் இறக்கிப் பழக்கிய பின்பே இறாலை விட வேண்டும்.

தொட்டிக்கு வெளியேயிருந்து வரும் நஞ்சைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. மழை விட்டதும் நம் வீடுகளில் கொசுவிரட்டித் திரவமும் தெளிப்பானும் இரவெல்லாம் வேலை செய்கின்றன. அவற்றிலுள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் பூச்சிகளைக் கொல்பவை. இறாலும் பூச்சியைப் போலவே கணுக்காலி இனம் என்பதால் அதற்கும் கொடிய நஞ்சு. காற்றுப் பம்பு அந்த அறைக் காற்றை உறிஞ்சி நேரே நீருக்குள் செலுத்துகிறது. தொட்டி இருக்கும் அறைக்குக் கொசுவலையே சரி. மீன்களின் வெண்புள்ளி நோய்க்கு ஊற்றும் தாமிர மருந்தும் அப்படித்தான்: மீனைக் காப்பாற்றும், இறாலைக் கொல்லும். பாறையிலும் மணலிலும் படிந்த தாமிரம் பின்னர் மெல்லக் கசிந்து வரக்கூடும் என்பதால், நோயுற்ற மீனை வேறு தொட்டிக்கு மாற்றித்தான் மருந்திட வேண்டும். அறையைக் குளிர்விக்கும் ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரைச் சுத்தமான நீர் என்று சேமித்து ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள்; அது தாமிரக் குழாய்களின்மேல் வழிந்து வந்த நீர்.

இத்தனைக்கும் பிறகு மீனைச் சந்தேகிக்கலாம். கிளாத்தி, பேத்தை, சிங்க மீன், கலவா ஆகியவற்றோடு இறாலைச் சேர்ப்பது இரை போடுவதற்குச் சமம்; சிறிய ஹாக் மீனும்கூட அப்போதுதான் சட்டை உரித்த இறாலை விட்டுவைக்காது. பட்டைக் கொடுக்கு இறால்களில் ஒரே பாலினத்தவை இரண்டை ஒன்றாக விட்டால் ஒன்று மற்றதைக் கொன்றுவிடும். இரவில் பாறைக்குள்ளிருந்து ‘டக்’ என்று சொடுக்கும் ஒலி கேட்டால், பாறையோடு வந்த, இறாலை வேட்டையாடும் மாண்டிஸ் இறாலாக இருக்கலாம்; ஆனால் சாதுவான பிஸ்டல் இறாலும் அப்படித்தான் சொடுக்கும், ஆகவே பார்க்காமல் பாறையை வெளியே எடுத்து எறிய வேண்டாம். பவளப் பாறை என்று கரையில் பொறுக்கிச் சேர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மின்வெட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல் போன்ற நேரங்களில் மின்சாரம் நாட்கணக்கில் வராது. நீரில் ஆக்ஸிஜன் குறைந்துகொண்டே போகும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

கடைசியாக, வடிகட்டிப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் புது இறால் வாங்காதீர்கள். செத்துவிட்டதாக நான் நினைத்த இறால், பதினொரு நாள் கழித்து, வழிநீர் விழும் அறையில் பஞ்சின்மேல் மீசையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அங்கே வந்து விழுந்த தீனித் துணுக்குகளைத் தின்றே கொழுத்திருந்தது.