பல்லு கூசுற சவர்க்ராட்டும் வெடிச்ச சாஸேஜும்: என் அனுபவம்

ஜெர்மனி வந்த முதல் குளிர்காலம், பச்சை ப்ராட்வுர்ஸ்ட் (வேக வெக்காத ஜெர்மன் சாஸேஜ்) வாங்கிட்டு வந்து சவர்க்ராட்டோட சமைக்கலாம்னு ஆசையா இறங்கினேன், சவர்க்ராட்னா புளிக்க வெச்ச முட்டைக்கோஸ் தான, டப்பாவ திறந்து அப்படியே சட்டில கொட்டி சூடு பண்ணி வாயில வெச்சா ஐயோ, பல்லு கூசிருச்சு. சாஸேஜ் அதவிட மோசம். தளதளன்னு கொதிக்கிற தண்ணில போட்டேனா, தோல் வெடிச்சு கொழுப்பெல்லாம் தண்ணில போயி வெறும் சக்கைதான் மிஞ்சுச்சு.

அடுத்த வாட்டி அரை கிலோ புளிச்ச கோஸ ஒரே ஒரு தடவ அலசி பிழிஞ்சேன் (ரெண்டு மூணு தடவ அலசினா வைக்கோல் மாதிரி ஆயிடும், அதையும் பண்ணி பாத்தாச்சு). வெண்ணெய்ல வெங்காயம் வதக்கி, கோஸ், துருவின ஆப்பிள் ஒண்ணு, பிரிஞ்சி இலை, ஜூனிபர் பெர்ரி (வாசத்துக்கு போடுற காஞ்ச சின்ன பழம்) நாலஞ்சு நசுக்கி போட்டு, ஒரு டம்ளர் ஆப்பிள் ஜூஸ் ஊத்தி மூடி சின்ன தீயில 40 நிமிஷம். கடைசில பச்சை உருளைக்கிழங்கு ஒண்ண துருவி போட்டு இன்னும் 10 நிமிஷம், தண்ணி விட்டுக்காம கெட்டியாயிடுச்சு. ஒண்ணு கவனிங்க, இவங்க சவர்க்ராட்ல போடுற க்யூமெல்னு சொல்றது (கேரவே விதை) நம்ம சீரகம் இல்ல, நம்மளுக்கு இவங்க வெச்ச பேர் க்ராய்ட்ஸ்க்யூமெல், நான் மாத்தி போட்டு அது கோஸ் பொரியல் வாசம் அடிச்சுது!

சாஸேஜுக்கு தண்ணி கொதிக்கவே கூடாது, 75-80 டிகிரில கால் மணி நேரம், அப்புறம் துடைச்சுட்டு தவால மிதமா பிரட்டினா போதும். முள்கரண்டியால குத்தாதீங்க. கடுகு சாஸ் தொட்டு சாப்பிட்டேன், மூணு காலி.