‘இல்லை’ என்பதும் பதில்தான்: பகா எண் கேள்விகளில் வழுக்கும் இடங்கள்

சனிக்கிழமை மாலைகளில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், மேலாண்மை மேற்படிப்புக்கான ஜிமேட் நுழைவுத் தேர்வுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். எல்ஆர்டி ரயிலில் நின்றபடியே தூங்கி வந்த முகங்கள். இந்த மாதம் புதிதாக நான்கு பேர் சேர்ந்தார்கள். முதல் நாளே ஒரு டேட்டா சஃபிஷியன்சி கேள்வியைக் கொடுத்தேன். இந்த வகையில் ஒரு கேள்வியும் இரண்டு கூற்றுகளும் இருக்கும்; விடையைக் கண்டுபிடிக்க வேண்டாம், விடை சொல்ல ஒவ்வொரு கூற்றும் தனியாகப் போதுமா, சேர்த்தால் போதுமா என்று மட்டும் சொல்ல வேண்டும். என்னுடைய பழைய தவறுகளை வரிசை மாறாமல் செய்து காட்டினார்கள்.

1 பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தமிழ்ப்பள்ளியிலேயே படித்தாயிற்று.

‘இல்லை’ என்று வந்தால் ‘போதாது’ என்று எழுதுவது

நான் கொடுத்த கேள்வி இதுதான். ப ஒரு மிகை முழு எண். ப பகா எண்ணா?
கூற்று 1: ப, 90-ஐவிடப் பெரியது, 97-ஐவிடச் சிறியது.
கூற்று 2: ப ஒற்றைப்படை எண்.

மூன்று பேர் ‘இ’ (E) என்றார்கள், அதாவது இரண்டு கூற்றையும் சேர்த்தாலும் போதாது. நான்காமவர் எதுவுமே எழுதவில்லை. சரியான விடை ‘ஏ’ (A), முதல் கூற்று மட்டுமே போதும்.

மூவரில் இருவர் விழுந்தது 91-இல். பார்த்தால் பகா எண் போலத்தான் இருக்கும். 12 வரையுள்ள வாய்ப்பாட்டில் எங்கும் தட்டுப்படாது. ஆனால் 7-ஐ 13-ஆல் பெருக்கினால் 91. சரி, அது கவனக்குறைவு, இரண்டு நாளில் சரியாகிவிடும். எனக்கு எரிச்சல் வந்தது மூன்றாமவரிடம்தான். அவர் 91, 92, 93, 94, 95, 96 எல்லாவற்றையும் உடைத்துப் பார்த்து, ஆறுமே பகு எண்கள் என்று சரியாகக் கண்டுபிடித்திருந்தார். கண்டுபிடித்துவிட்டு, “ஒன்றுகூடப் பகா எண் இல்லையே சார், அப்புறம் எப்படிப் போதும்?” என்றார்.

மாமாக் கடையில் “ரொட்டி சானாய் இருக்கா அண்ணே?” என்று கேட்கிறோம். “முடிஞ்சிருச்சு தம்பி” என்றால் அது பதில். “இருக்கும்னு நினைக்கிறேன்” என்றால்தான் அது பதில் இல்லை. இந்தக் கேள்வியும் அப்படித்தான். ஆறு எண்ணில் ப எதுவாக இருந்தாலும் ‘பகா எண்ணா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்ற ஒரே பதில்தான் வருகிறது. ஆகவே தகவல் போதும். கூற்று 2-ஐப் பாருங்கள்: 3 என்றால் ஆம், 9 என்றால் இல்லை. அதுதான் போதாத தகவல்.

அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. ஒரு பயிற்சித் தாளில் இதே ‘ப பகா எண்ணா?’ கேள்விக்கு, 7! + 2 முதல் 7! + 7 வரை உள்ள எண்களில் ஒன்று ப என்று கொடுத்திருந்தார்கள். 7! என்றால் 1 முதல் 7 வரை எல்லாவற்றையும் பெருக்கி வரும் 5040. நான் 5042 முதல் 5047 வரை ஒவ்வொன்றாக வகுத்தேன். 7!-க்குள் 2 முதல் 7 வரை எல்லாமே காரணிகளாக இருக்கின்றன. அதனால் 2-ஐக் கூட்டினால் 2-ஆல் வகுபடும், 3-ஐக் கூட்டினால் 3-ஆல் வகுபடும் என்ற அளவுகூடத் தோன்றவில்லை. ஆறும் பகு எண்கள் என்று தெரிந்த பிறகு, நிம்மதியாக ‘போதாது’ என்று குறித்தேன்! இந்த வகைக் கேள்வி மட்டும் ஏன் தப்பாகிறது என்று புரியாமல், மாதக்கணக்கில் பகா எண் பட்டியலை மனப்பாடம் செய்தேன். நோய் ஒன்று, மருந்து வேறொன்று. பட்டியல் 200 வரை வாயில் வந்தது, மதிப்பெண் வரவில்லை. மறுபடி பணம் கட்டித் தேர்வு எழுதினேன்.

இப்போது என் வகுப்பில் ஒவ்வொரு கூற்றின் பக்கத்திலும் ‘ஆம்’, ‘இல்லை’, ‘இரண்டும்’ இவற்றில் ஒன்றை எழுதச் சொல்கிறேன். ‘இரண்டும்’ என்று வந்தால்தான் அந்தக் கூற்று ‘போதாது’. ஆனால் இது ஆம்-இல்லை கேள்விக்குத்தான். ‘ப-இன் மதிப்பு என்ன?’ என்று கேட்டிருந்தால் ஆறு எண் இருப்பது போதாது. கேள்வி எந்த வகை என்பதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

2-ஐ மறப்பது

எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் மறப்பார்கள். இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகை ஒற்றைப்படை என்றால், அதில் ஒன்று 2.

நாலு எண் போட்டுப் பார்த்து ‘போதும்’ என்பது

ஓர் எண்ணின் வர்க்கம், அந்த எண், 41 ஆகிய மூன்றையும் கூட்டுங்கள். 0 முதல் 39 வரை எதைப் போட்டாலும் பகா எண்ணே வரும். கணிதவியலாளர் ஆய்லர் 1772-இல் எடுத்துக்காட்டிய எண்வரிசை இது. 40-ஐப் போட்டால் 1681 வரும். அது 41 பெருக்கல் 41. நாற்பது தடவை சரியாக வந்ததே 41-ஆவது தடவை கவிழ்கிறது, நாம் நாலு எண்ணில் முடிவு கட்டுகிறோம். எண்களைப் போட்டுப் பார்ப்பது ‘போதாது’ என்று காட்ட நல்ல வழி. ‘போதும்’ என்று சொல்ல, எல்லா எண்களையும் சோதித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காரணம் தெரிந்திருக்க வேண்டும்.

‘6-ஆல் வகுத்தால் மீதி 1’ என்ற கூற்றும் இதே பொறிதான். 7 வரும், 13 வரும், 19 வரும், அப்புறம் 25 வரும்.

முதல் கூற்றை மனதில் வைத்துக்கொண்டே இரண்டாவதைப் படிப்பது

முதல் கூற்றைக் கையால் மறையுங்கள். திரைமேல் கை வைக்க வெட்கமாக இருந்தால், மறக்கப் பழகுங்கள்.

ப-ஐக் கண்டுபிடித்தே தீருவேன் என்பது

இந்தக் கேள்விகள் இப்போது டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் வருகின்றன. 20 கேள்விகளுக்கு 45 நிமிடம். திரையில் கால்குலேட்டரும் உண்டு. எதுவும் எழுதாத அந்த நான்காமவர், நான் தாளை வாங்க வரும்வரை கால்குலேட்டரும் கையுமாக, ஆறு எண்ணில் எது ‘உண்மையான’ ப என்று தேடிக்கொண்டிருந்தார்.