செத்துக்கொண்டே இருந்த ஹெக் செல்கள்

மூளை அழற்சி நோயாளிகளின் ரத்தத்தில் நரம்புச் செல்களின் மேல் வாசல்போல இருக்கும் என்எம்டிஏ ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்க, அந்த ஏற்பியின் மரபணுவை ஆய்வகத்தில் வளர்க்கும் ஹெக்293 என்ற மனிதச் செல்களில் ஏற்றிக்கொண்டிருந்தேன். வெறும் செல்கள் நன்றாக வளர்ந்தன. ஏற்பி ஏற்றியவை மட்டும் மறுநாள் காலையில் உருண்டு மிதந்தன. மரபணுவைச் செல்லுக்குள் ஏற்ற உதவும் டிரான்ஸ்ஃபெக்ஷன் ரீஏஜென்ட்டைச் சந்தேகித்து அளவைக் குறைத்தேன். இன்குபேட்டரைக்கூடத் துடைத்தேன். இரண்டு வாரம் வீண்.

கோளாறு வளர்ப்பு ஊடகத்தில்தான். இந்த ஏற்பி திறக்க குளுட்டமேட், கிளைசின் இரண்டும் வேண்டும். நான் பயன்படுத்திய டிஎம்இஎம் ஊடகத்தில் லிட்டருக்கு 30 மி.கி. கிளைசின் இருக்கிறது, குளுட்டமேட் அதில் சேர்க்கும் சீரத்திலிருந்தும் செல்களிலிருந்தும் வந்துவிடும். அப்புறம் என்ன, வாசல் திறந்தே கிடந்தது. கால்சியம் உள்ளே கொட்டிச் செல்லைக் கொன்றது. பக்கவாதத்தில் நரம்புச் செல்கள் சாகும் விதமும் கிட்டத்தட்ட இதுதான். என் தட்டில் அதைத் தெரியாமலே நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி, வாசலை அடைப்போம் என்று டிரான்ஸ்ஃபெக்ஷன் முடிந்த கையோடு ஏபி5 தடுப்பானைக் கலந்தேன். அதே செல்களில் மின்னோட்டமும் அளக்க வேண்டியிருந்ததால் எம்கே-801 என்ற இன்னொரு தடுப்பானைத் தொடவில்லை. அது ஏற்பியின் துளைக்குள் மாட்டிக்கொண்டால் லேசில் வராது. ஏபி5 கழுவினால் போய்விடும். மறுநாள் செல்கள் தட்டோடு ஒட்டிக் கிடந்தன.