காரைக்குடிப் பக்கமிருந்து நாட்டுப்புற ராக் பாடி, நடிக்கவும் வர நினைப்பவர்களுக்கு

முதலில் கிட்டாரை ஓரமாக வையுங்கள். உங்கள் ஊர் ஆச்சியோ அப்பத்தாவோ பாடும் தாலாட்டு, முளைப்பாரிக் கும்மி, ஒப்பாரி என்று பத்துப் பாட்டாவது முழுசாக மனப்பாடம் ஆகட்டும். போனில் பதிவு செய்யலாம், ஆனால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒப்பாரியை மட்டும் வீட்டுக்குள் பாடச் சொல்லாதீர்கள், பலர் வாயிலேயே எடுக்க மாட்டார்கள். கண்மாய்க்கரையில் போய் உட்கார்ந்தால் பாடுவார்கள்.

அப்புறம் சுருதி. கிட்டாருக்காகப் பாட்டை ஏற்றி இறக்காதீர்கள், கிட்டாரின் கழுத்தில் கேப்போ என்ற கவ்வியைப் போட்டுக் கிட்டாரைக் குரலுக்குக் கொண்டுவாருங்கள். கும்மி பெரும்பாலும் திஸ்ர நடை, அதாவது மூன்று மூன்றாக வரும் தாளம், டிரம்ஸ்காரர் அதை நாலு நாலாக நறுக்கினால் பாட்டு செத்துப்போகும். பாடப் பாட வேகம் ஏறும், அதுதான் அதன் உயிர், அதனால் கிளிக் டிராக் (ஒரே வேகத்தில் காதில் தட்டிக்கொண்டிருக்கும் ஒலி) வைக்காமல் குரலையும் பறையையும் ஒன்றாகப் பதிந்துவிட்டு மற்றதை அதன்மேல் வாசிக்கச் சொல்லுங்கள்.

எங்கே பதிவது? செட்டிநாட்டு வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், நின்று பாடினால் குரல் அருமையாகக் கேட்கும். ஆனால் மைக்கில் ஒரே எதிரொலி, வழுவழுச் சுவரும் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லும் சத்தத்தை அப்படியே திருப்பி அனுப்பும். ஒரு நாள் முழுக்கப் பதிந்ததை நாங்கள் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. மறுநாள் சாமான் அறையில் ஜமுக்காளமும் மெத்தையும் அடைத்துப் பாடினோம், சுத்தமாக வந்தது.

நடிப்புக்குத் தனி வழி தேட வேண்டாம், அது பாட்டு வழியாகவே வரும். நம் சிவகங்கை மாவட்டத்துக் கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடிக்கொண்டிருந்தவர்தான், 1985இல் ‘ஆண் பாவம்’ படத்தில் பாடவும் செய்தார், நடிக்கவும் செய்தார். மதுரைப் பக்கம் பரவை முனியம்மாவை 2003இல் ‘தூள்’ ஊரெல்லாம் கொண்டுபோனது. இரண்டு பேரும் தங்கள் ஊர்ப்பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. ஆடிஷனுக்கு அனுப்பும் வீடியோவில் நீங்களும் அப்படியே பேசுங்கள், ஒரு நிமிடம் பேச்சு, ஒரு நிமிடம் பாட்டு, போதும். மேடையில் இரண்டு பாட்டுக்கு நடுவே அந்தப் பாட்டு யாரிடம் கிடைத்தது என்று கதையாகச் சொல்லிப் பழகுங்கள், இதைவிட நல்ல நடிப்புப் பயிற்சி எனக்குத் தெரியாது. பக்கத்துக் கானாடுகாத்தானில் ஷூட்டிங் நடந்தால் கூட்டத்தில் நிற்கவாவது ஒருநாள் போய் வாருங்கள், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அங்கேதான் புரியும்.

படத்துக்குப் பாட்டுக் கேட்டால் சம்பளம், டைட்டிலில் பெயர், இரண்டையும் எழுதி வாங்கிய பிறகு பாடுங்கள். பாட்டுத் தந்த ஆச்சியின் பெயரையும் ஊரையும், அவர் சம்மதித்தால், அதே காகிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வருகிற பணத்தில் அவருக்கு எவ்வளவு என்பதை முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள்.