பிளாஸ்மா புரதங்கள்: ஆய்வகத்தில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

அல்புமின், குளோபுலின், ஃபைப்ரினோஜன். பாடத்தில் மூன்றே பெயர்கள். அளக்கும்போதும் ரிப்போர்ட்டைப் படிக்கும்போதும்தான் சிக்கல் வருகிறது. முதல் வருடத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளைத்தான் இன்று சேருபவர்களும் செய்கிறார்கள். டியூபில் பெயர் மாறுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறோம்.

பிளாஸ்மாவைச் சீரம் என்று நினைத்து ஓட்டுவது

இருக்கிற தவறுகளிலேயே விலை அதிகமானது இதுதான். இத்தனை வருடம் கழித்தும் கோபம் வருகிறது, ஏனென்றால் டியூபை ஒருமுறை திரும்பிப் பார்த்தாலே தடுத்துவிடலாம்.

ரத்தம் முழுதாக உறைந்தபின் மேலே நிற்பது சீரம். உறையவிடாமல் சுழற்றி எடுத்தால் பிளாஸ்மா. பார்வைக்கு இரண்டும் ஒரே வைக்கோல் நிறம். பெரிய வித்தியாசம் ஃபைப்ரினோஜன்: டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம். ரத்தம் உறையும்போது த்ராம்பின் என்ற நொதி இதை நறுக்கி ஃபைப்ரின் இழையாக்கும். அந்த இழைகள் உறைகட்டியோடு போய்விடுவதால் சீரத்தில் ஃபைப்ரினோஜன் மிஞ்சாது.

மொத்தப் புரதம் டெசிலிட்டருக்கு 6 முதல் 8 கிராம் வரை இருக்கலாம் என்பதால் 0.3 கிராம் கூடினாலும் யார் கண்ணிலும் படாது. குளோபுலினை வழக்கமாக நேரடியாக அளப்பதில்லை, மொத்தத்தில் அல்புமினைக் கழித்துத்தான் எழுதுகிறோம். அதனால் ஃபைப்ரினோஜன் முழுவதும் குளோபுலின் கணக்கில் ஏறிவிடும். அதுவரை சேதம் சிறியதுதான்.

மின்சாரம் செலுத்திப் புரதங்களைப் பட்டைகளாகப் பிரிக்கும் எலக்ட்ரோஃபோரிசிஸில்தான் விபரீதம். பீட்டா, காமா குளோபுலின் பகுதிகளுக்கு நடுவே ஒல்லியாக, கூர்மையாக ஒரு பட்டை விழும். மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயில், ஒரே வகை எதிர்ப்பொருள் குவிவதால் வரும் எம் பேண்டும் இதே இடத்தில், இதே மாதிரி விழக்கூடும். சீட்டில் ‘வயது 62, முதுகுவலி, ரத்தசோகை’ என்று இருந்தால் பார்ப்பவர் மனம் அந்தப் பக்கமே சாயும். ரிப்போர்ட்டில் ‘மோனோகுளோனல் பட்டை’, அதாவது எம் பேண்ட், என்று ஒரு வரி எழுதியாகிவிடும். பிறகு அந்த மனிதர் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனைக்கு ஊசி குத்திக்கொள்வார், வீட்டில் யாரும் தூங்க மாட்டார்கள். இத்தனையும் ரத்தத்தை உறையவிடாத ஈடிடிஏ டியூபில் வந்த ஒரு சாம்பிளால்.

சீரம் டியூபிலேயே எடுத்தாலும் தப்பிக்க முடியாமல் போகும். சாதா டியூபை அறை வெப்பத்தில் குறைந்தது 30 நிமிடம் அசைக்காமல் நிற்க வைக்க வேண்டும். டயாலிசிஸ் முடிந்து உடலில் உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தோடு வருபவருக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கும் இன்னும் நேரம் தேவைப்படும். அவசரப்பட்டுச் சுழற்றினால் ஃபைப்ரினோஜன் பாதி மிஞ்சி நிற்கும். சுழற்றி வைத்த சீரத்தில் கொஞ்ச நேரம் கழித்துக் கூழ் போல இழை மிதந்தால் இதுதான் காரணம்.

அந்த இடத்தில் பட்டை தெரிந்தால் முதலில் டியூபின் மூடி நிறத்தைப் பாருங்கள். அடுத்து, நன்றாக உறைந்த புதுச் சீரத்தில் திரும்ப ஓட்டுங்கள். பட்டை மறைந்தால் அது ஃபைப்ரினோஜன். புது சாம்பிள் கிடைக்காவிட்டால் த்ராம்பின் சேர்த்து, உறைந்ததைச் சுழற்றி நீக்கிவிட்டு ஓட்டலாம். ஹெப்பாரின் இருந்தால் த்ராம்பின் வேலை செய்யாது, பாம்பு நஞ்சிலிருந்து எடுக்கும் ரெப்டிலேஸ் நொதி செய்யும். அப்போதும் பட்டை நின்றால், அது எந்த எதிர்ப்பொருள் என்று காட்டும் இம்யூனோஃபிக்ஸேஷன் சோதனை. அதில் எதிர்ப்பொருளின் கன சங்கிலிக்கோ லேசான சங்கிலிக்கோ பட்டை விழாமல் ‘மோனோகுளோனல்’ என்று எழுதக் கூடாது.

சிட்ரேட் டியூபில் புரதம் அளப்பது

வேண்டாம். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் திரவம், உறைதலைத் தடுக்க, அதிலேயே இருக்கிறது. எல்லாப் புரதமும் நீர்த்துக் குறைவாகக் காட்டும்.

ரத்தம் எடுக்கக் கையில் கட்டும் பட்டையை (டூர்னிக்கே) அவிழ்க்காமலே வைத்திருப்பது

ஒரு நிமிடத்துக்கு மேல் போனால் நீர் கசிந்து வெளியேறும், புரதம் உள்ளேயே தங்கிக் கூடுதலாகத் தெரியும்.

அல்புமின் குறைவு என்றதும் சத்துக்குறைவு என்பது

ரத்தக்குழாய்க்குள் நீரை இழுத்துப் பிடிக்கும் புரத அழுத்தம் சுமார் 25 மில்லிமீட்டர் பாதரசம். அதில் முக்கால் பங்குக்கும் மேல் அல்புமினுடையது, அதனால்தான் அது வெகுவாகக் குறைந்தால் கால் வீங்குகிறது. ஆனால் குறையப் பல வழிகள் உண்டு. சிறுநீரகம் கசியவிடலாம், கல்லீரல் தயாரிக்காமல் போகலாம். கடும் தொற்றிலும் அழற்சியிலும் சி.ஆர்.பி என்ற அழற்சிப் புரதம், ஃபைப்ரினோஜன் போன்றவை ஏறும்போது அல்புமின் இறங்கும். சிறுநீரில் புரதம் போகிறதா, சி.ஆர்.பி எவ்வளவு என்று பார்க்காமல் சாப்பாட்டைக் குறை சொல்லக் கூடாது.

எதிர்த்திசையிலும் ஏமாறுகிறார்கள். அல்புமினின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 20 நாள். நேற்றுத்தான் கல்லீரல் அடிவாங்கியிருந்தால் இன்று அல்புமின் சரியாகவே இருக்கும். அங்கே ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் புரோத்ராம்பின் நேரத்தைப் பாருங்கள், அதில் பங்குள்ள, கல்லீரல் தயாரிக்கும் ஏழாம் உறைதல் காரணியின் அரை ஆயுள் சில மணி நேரம்தான்.

குளோபுலின் என்றாலே எதிர்ப்பொருள் என்பது

இல்லை. இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின், உடைந்த சிவப்பணுவின் ஹீமோகுளோபினைப் பிடிக்கும் ஹேப்டோகுளோபின் எல்லாம் குளோபுலின்களே. இவற்றைக் கல்லீரல் தருகிறது, காமாவிலுள்ள எதிர்ப்பொருள்களைப் பிளாஸ்மா செல்கள் என்ற வெள்ளணு வகை தருகிறது. கல்லீரல் சுருங்கிய நோயாளியிடம் அல்புமின் விழ, காமா ஏறும். மொத்தப் புரதம் மட்டும் நார்மல் என்று வந்து நிற்கும்.

கால்சியத்தைத் தனியாகப் படிப்பது

ரத்தக் கால்சியத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் புரதத்தோடு, பெரும்பாலும் அல்புமினோடு, ஒட்டியிருக்கிறது. அல்புமின் டெசிலிட்டருக்கு 4 கிராமுக்குக் கீழே ஒவ்வொரு கிராமுக்கும் கால்சியத்தோடு 0.8 மில்லிகிராம் கூட்டுங்கள். கால்சியம் 7.6, அல்புமின் 2 என்றால் 7.6 உடன் 1.6 சேர்த்து 9.2. குறைபாடே இல்லை. நோயாளி ஐசியுவில் இருந்தால் இந்தக் கணக்கை நம்பாமல் புரதத்தோடு ஒட்டாத அயனிக் கால்சியத்தை நேராக அளக்கச் சொல்லுங்கள்.