படம் பார்க்கும் ராத்திரிக்கு அரிசிம்பருப்புதான்

பொள்ளாச்சி வீட்டில் சனிக்கிழமை ராத்திரி படம் என்றால் முன்பெல்லாம் சந்தகை என்கிற அரிசிச் சேவையும் கோழிக்குழம்பும்தான். பிழிந்து முடிப்பதற்குள் பாதிக் கதை போய்விடும். "ஏனுங்க, அந்த ஆளு எப்பச் செத்தான்?" என்று கேட்டுக்கொண்டே வந்து உட்காருவேன். குழம்புக் கை பட்டு ரிமோட் பிசுபிசுத்தது தனிக்கதை.

இப்போது அரிசிம்பருப்பு சாதம். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் தாளித்து, உப்பு, மஞ்சள்தூள் போட்டு, குக்கரில் மூன்று விசில். ஆவி அடங்கும்போது டைட்டில் ஓடும். இருட்டில் ஒருமுறை வரமிளகாயைக் கடித்து நான் பட்டபாடு! அதிலிருந்து மிளகைத் தட்டித்தான் போடுகிறேன். நெய் ஊற்றி, கிண்ணத்தில் ஸ்பூனோடு கொடுத்துவிடுவேன். அப்பளம் மட்டும் இடைவேளைக்கு. நொறுக்குகிற சத்தத்தில் வசனம் கேட்காது.